மூன்று திராட்சை, ஒரு துறைமுகம்: போர்தோ வெள்ளை வைனின் வரலாறு

எங்கட பேச்சில 'கலப்பு' எண்ட சொல்லுக்கு நல்ல பேர் இல்லை. பாலில் தண்ணி சேர்ந்தால் கலப்படம். மிளகாய்த்தூளில் வேறெதுவும் சேர்ந்தால் கலப்படம். கலியாணம் பேசேக்க ஒரு குடும்பத்தைப் பற்றி 'அவை கலப்பு' எண்டு யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது. 'அசல்', 'சுத்தம்', 'தனி' எண்ட சொற்களுக்குத்தான் நாங்கள் மரியாதை கொடுத்துப் பழகியிருக்கிறோம். இந்தப் பழக்கத்தோடு பிரான்சின் தென்மேற்கில் இருக்கிற போர்தோவின் வெள்ளை வைன் வரலாற்றை வாசிக்கப் போனால் கொஞ்சம் தடுமாற வேண்டி வரும். அங்கே கலப்பது ஒரு கைத்திறன். அதைச் சரியாகச் செய்கிறவருக்கு ஊரில் மதிப்பு. எவ்வளவு கலக்கலாம், எதைக் கலக்கலாம், எதைக் கலக்கவே கூடாது எண்டு சட்டமே இருக்கு.

இந்தக் கட்டுரை வைனை எப்படிச் சுவைக்கிறது எண்டு சொல்லித்தராது. எங்கள் குழுவில் பலர் அதைத் தொட்டதும் இல்லை. எங்களுக்கு வேற ஒரு கேள்வி இருந்தது. ஒரு ஊரின் 'பாரம்பரியச் சுவை' எண்டு பெருமையாகச் சொல்லப்படுவதை உண்மையில் யார் தீர்மானிச்சது? மண்ணா, விவசாயியா, வியாபாரியா, கப்பலா? போர்தோவின் வெள்ளை வைன் இந்தக் கேள்விக்கு நல்ல பரிசோதனைக் களம். ஏனென்றால் அதன் வரலாற்றில் இவர்கள் எல்லோருமே வந்து போகிறார்கள். தங்கட பெயரை எங்கேயும் பதியாமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று பேரும் ஏன் ஒன்றாக?

முதலில் அந்த மூன்று திராட்சைகளைப் பார்ப்போம். செமியோன், சோவின்யோன் பிளாங், முஸ்கடேல். போர்தோ வெள்ளை வைனில் பெரும்பாலும் இவை தான் இருக்கும்.

செமியோன் தடிப்பான, எண்ணெய்த்தன்மையுள்ள, நாக்கில் தங்குகிற வைனைத் தரும். ஆனால் புளிப்புக் குறைவு. அதைத் தனியாக விட்டால் சிலவேளை சோம்பேறித்தனமான சுவை எண்டு சொல்லுவார்கள். சோவின்யோன் பிளாங் அதற்கு எதிர்மாறு. கூர்மையான புளிப்பு, பச்சை இலை மணம், தோடம்பழச் சாதி மணம். இது செமியோனை விட முந்திப் பழுக்கும். முஸ்கடேல் பூ மணம் உள்ளது. ஆனால் நோய்க்கு இலகுவாக ஆளாகும் என்பதால் கொஞ்சமாகத்தான் நடுவார்கள். கறிக்குக் கறிவேப்பிலை மாதிரி அதன் பங்கு.

இந்தச் சோவின்யோன் பிளாங்குக்கு இன்னொரு கதையும் உண்டு. உலகத்தில் மிகப் பிரபலமான சிவப்புத் திராட்சைகளில் ஒன்றான கபர்னே சோவின்யோனின் பெற்றோர் யார் எண்டு 1990களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். ஒரு பெற்றோர் கபர்னே ஃபிராங் எண்ட சிவப்புத் திராட்சை. மற்றது இந்த வெள்ளைச் சோவின்யோன் பிளாங். போர்தோவின் சிவப்பு வைன் பெருமையின் தூணாக நிற்கிற திராட்சை, எங்கேயோ ஒரு தோட்டத்தில் சிவப்பும் வெள்ளையும் கலந்து பிறந்த பிள்ளை. சுத்தம் கதைக்கிறவர்களுக்கு இது சங்கடமான செய்தி தான்.

கலப்பதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. போர்தோ அத்திலாந்திக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வசந்த காலத்தில் உறைபனி வரும், பூக்கிற நேரத்தில் மழை வரும், கோடையில் ஆலங்கட்டி விழும். ஒரே வகைத் திராட்சையை மட்டும் நட்டவருக்கு ஒரு கெட்ட கிழமை முழு வருடத்தையும் அழிச்சுப்போடும். வேறு வேறு நேரத்தில் பூத்து, வேறு வேறு நேரத்தில் பழுக்கிற மூன்று வகையை நட்டால் ஒன்றாவது தப்பும். சுவைக்கலையாக இன்று விற்கப்படும் இந்தக் கலவைக்குள் பயிர் பிழைத்தால் என்ன செய்வது என்ற விவசாயியின் பயமும் இருக்கிறது. ஒவ்வொரு காணித்துண்டின் சாற்றையும் தனித்தனியாகப் புளிக்க வைத்து, பிறகு ருசி பார்த்து, எதில் எவ்வளவு எண்டு தீர்மானிப்பார்கள். இதற்குப் பிரெஞ்சில் 'அசொம்பிளாஜ்' எண்டு பெயர். ஒன்றுசேர்த்தல் எண்டு தமிழில் சொல்லலாம்.

ஒல்லாந்தர் கேட்டது வெள்ளை

1152ஆம் ஆண்டு அக்கித்தேன் நாட்டின் எலெனோர், ஹென்றி பிளான்டாஜெனெற்றைத் திருமணம் செய்தார். இரண்டு வருடத்தில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். அன்றிலிருந்து 1453 வரைக்கும், கிட்டத்தட்ட 300 வருடம், போர்தோ ஆங்கில முடியின் கீழ் இருந்தது. இங்கிலாந்துக்காரர் விரும்பியது வெளிர் சிவப்பு வைன். அதனால் துறைமுகம் அதையே ஏற்றியது.

17ஆம் நூற்றாண்டில் வேறொரு வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார். அவர் எங்களுக்கும் தெரிஞ்ச ஆள் தான். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தர், அதே நூற்றாண்டில் ஐரோப்பாவின் கடல் வணிகத்தையும் கையில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய வணிகர்கள் போர்தோவில் வந்து குடியேறி, நகரச் சுவருக்கு வெளியே சார்த்ரோன் எண்ட ஆற்றங்கரைப் பகுதியில் களஞ்சியங்களைக் கட்டினார்கள். அவர்கள் கேட்டது வெள்ளை. இரண்டு தேவைக்காகக் கேட்டார்கள். ஒன்று, வடக்கு ஐரோப்பாவின் குளிருக்கு விருப்பமான இனிப்பான வெள்ளை வைன். மற்றது, வடித்து பிராந்தி ஆக்குவதற்கான மலிவான வெள்ளை வைன். நீண்ட கடற்பயணத்தில் வைன் கெட்டுப்போகும், பிராந்தி கெடாது, இடமும் குறைவாகத்தான் பிடிக்கும். 'பிராந்தி' எண்ட சொல்லே 'எரிச்ச வைன்' எண்ட ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது.

கேட்கிறவன் இருந்தால் நடுகிறவனும் இருப்பான். கரோன் நதிக்கும் தொர்தோன் நதிக்கும் இடைப்பட்ட, 'இரண்டு கடல்களுக்கு நடுவே' எண்டு பொருள்படும் ஆந்த்ர-து-மேர் பகுதி வெள்ளைத் திராட்சைக்கு மாறியது. தெற்கே சோத்தேர்ன், பார்சாக் கிராமங்கள் இனிப்பு வைனில் தேர்ச்சி பெற்றன. ஒல்லாந்தர் தொழில்நுட்பமும் கொண்டு வந்தார்கள். பீப்பாவுக்குள் கந்தகத் திரியைக் கொளுத்திப் புகை பிடிச்சு, வைன் கெடாமல் பாதுகாக்கும் முறை அதில் ஒன்று. 'ஒல்லாந்துத் தீக்குச்சி' எண்டே அதற்குப் பெயர் வந்தது. இனிப்பு வைன் பீப்பாவுக்குள் திரும்பவும் புளிக்கத் தொடங்கிவிடும். கந்தகம் இல்லாவிட்டால் அதைத் தூர இடத்துக்கு அனுப்பவே ஏலாது.

ஆக, போர்தோ இனிப்பு வெள்ளை வைனின் முதல் வடிவத்தை எழுதியது அந்த மண் மட்டும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் இருந்து வந்த ஒரு விலைப்பட்டியலும் சேர்ந்து எழுதியது. 'பாரம்பரியம்' எண்டு நாங்கள் பின்னாளில் கும்பிடுகிற கனக்க விசயங்கள், ஒரு காலத்தில் வெளியூர் வாடிக்கையாளரின் கட்டளையாக இருந்திருக்கின்றன.

அழுகல் தரும் இனிப்பு

சோத்தேர்னின் இனிப்பு சீனி போட்டு வருவதில்லை. அந்தப் பகுதியில் சிரோன் எண்ட சின்ன ஆறு மர நிழலுக்குள்ளால் ஓடி வந்து கரோன் நதியில் கலக்கிறது. சிரோனின் தண்ணீர் குளிர், கரோனின் தண்ணீர் அதை விடச் சூடு. இலையுதிர் காலத்தில் இரண்டும் சந்திக்கிற இடத்தைச் சுற்றிக் காலையில் பனிப்புகார் எழும். பின்னேரம் வெயில் எறிக்கும். இந்த ஈரத்தில் பொட்றைற்றிஸ் சினேரியா எண்ட பங்கசு திராட்சையில் பிடிக்கும். அது தோலில் நுண்ணிய துளைகளைப் போட, வெயிலில் பழத்தின் தண்ணீர் ஆவியாகி, சீனியும் புளிப்பும் மணமும் செறிந்து நிற்கும். செமியோனின் தோல் மெல்லியது. அதனால்தான் இந்தக் கலவையில் அதுக்கு முதலிடம். வெயில் வராமல் மழை தொடர்ந்தால் இதே பங்கசு பயிரை நாசமாக்கும். பிரெஞ்சுக்காரர் முதலாவதை 'உன்னத அழுகல்' எண்டும் இரண்டாவதைச் 'சாம்பல் அழுகல்' எண்டும் சொல்கிறார்கள். பங்கசு ஒன்று தான்.

எல்லாப் பழமும் ஒரே நாளில் அழுகுவதில்லை. ஆகவே தொழிலாளர்கள் ஒரே கொடிக்கு மூன்று, நான்கு, ஐந்து தடவை திரும்பத் திரும்பப் போய், பக்குவமாகச் சுருங்கின பழங்களை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். இரண்டு மாதம் கூட இழுபடலாம். விளைச்சலோ மிகக் குறைவு. இன்றைய சட்டப்படி சோத்தேர்னில் ஒரு ஹெக்டேயருக்கு 25 ஹெக்டோலீற்றருக்கு மேல் எடுக்க முடியாது. சாதாரணப் போர்தோ வைனில் இதை விட இரண்டு மடங்கு எடுப்பார்கள்.

இந்த முறையை யார் கண்டுபிடிச்சது? சோத்தேர்னில் சொல்லப்படுகிற பிரபலமான கதை ஒன்று உண்டு. 1847இல் ஈக்கெம் தோட்டத்தின் முதலாளி ரஷ்யாவுக்குப் போயிருந்தார், தான் வரும்வரை அறுவடை செய்யக் கூடாது எண்டு கட்டளை, அவர் பிந்தி வந்தார், பழங்கள் அழுகிக் கிடந்தன, வேறு வழியில்லாமல் பிழிஞ்சு பார்த்தால் அமிர்தம்! கதை வடிவாகத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பகுதியில் பிந்தி அறுவடை செய்யும் வழக்கம் இருந்ததை 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களே காட்டுகின்றன. ஹங்கேரியின் தொக்காயிலும் அழுகிய பழத்தில் வைன் செய்யும் முறை அதே நூற்றாண்டில் நடைமுறையில் இருந்தது. கதைகள் ஒரு முதலாளியையும் ஒரு நாளையும் தேடுகின்றன. பல தலைமுறையாக வயலில் நிண்டு, எது பக்குவமான அழுகல், எது கெட்ட அழுகல் எண்டு விரலால் அறிஞ்ச கூலியாட்கள் கதைக்குள் வருவதில்லை.

அதே தோட்டத்தில் கதையை விடச் சுவாரசியமான உண்மை ஒன்று இருக்கு. 1785இல் பிரான்சுவாஸ் ஜொசெஃபின் டு சோவாஜ், லூர்-சாலூஸ் குடும்பத்துப் பிரபு ஒருவரைத் திருமணம் செய்தார். ஈக்கெம் அவருடைய பிறந்த வீட்டுச் சொத்து. 1788இல் கணவர் இறந்தார். அடுத்த வருடம் புரட்சி வெடித்தது. பிரபுக் குலத்து விதவையான அவர் பயங்கரக் காலத்தில் இரண்டு தடவை சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து, தோட்டத்தை இழக்காமல் காப்பாற்றி, 1826இல் வைன் களஞ்சியம் கட்டி, 1851இல் இறக்கும் வரைக்கும் அந்தத் தோட்டத்தை நடத்தினார். ஈக்கெம் இன்று பெற்றிருக்கும் பெயருக்கு அத்திவாரம் போட்டது அவர் தான்.

துறைமுகத்தின் மறுபக்கம்

இந்த இடத்தில் நிறுத்தினால் இது ஒரு சுற்றுலாப் பிரசுரமாகப் போய்விடும். 18ஆம் நூற்றாண்டில் போர்தோவை ஐரோப்பாவின் செல்வந்த நகரங்களில் ஒன்றாக்கியது வைன் மட்டும் அல்ல. அட்டைப் படங்களில் வரும் அந்தக் கல் மாளிகைகள் எழும்பிய காலம் அது. கரீபியன் தீவுகளில், முக்கியமாக இன்று ஹெய்ற்றி எண்டு அழைக்கப்படும் சென்-டொமிங்கில், அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்க மக்கள் கரும்பும் கோப்பியும் அவுரியும் பயிரிட்டார்கள். போர்தோக் கப்பல்கள் மாவும் வைனும் ஏற்றிக்கொண்டு போய், சீனியும் கோப்பியும் ஏற்றிக்கொண்டு வந்தன. நேரடியாக ஆபிரிக்காவுக்குப் போய் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கப்பல்களும் இருந்தன. போர்தோவிலிருந்து கிட்டத்தட்ட 500 அடிமைக் கப்பல் பயணங்கள் புறப்பட்டன. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் அந்தக் கப்பல்களில் கடத்தப்பட்டார்கள்.

1787இல் ஒரு அமெரிக்க இராஜதந்திரி போர்தோவுக்கு வந்தார். பெயர் தோமஸ் ஜெபர்சன். எல்லா மனிதரும் சமம் எண்ட பிரகடனத்தை எழுதியவர். ஈக்கெமின் 1784ஆம் ஆண்டு வைனில் 250 போத்தல்களுக்குக் கட்டளை கொடுத்தார். அவர் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். வைன் வரலாறு எழுதுகிறவர்கள் முதல் தகவலைத் தவறாமல் சொல்லுவார்கள். இரண்டாவதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தான் அந்தக் காலம் விளங்கும்.

பிரான்ஸ் 1794இல் அடிமை முறையை ஒழித்தது, 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார், கடைசியாக 1848இல் தான் அது முடிந்தது. போர்தோ நகரம் இதைப் பற்றி நீண்ட காலம் மௌனமாக இருந்தது. 2009இல் அக்கித்தேன் அருங்காட்சியகத்தில் இதற்கான நிரந்தரக் காட்சிக்கூடங்கள் திறக்கப்பட்டன. 2019இல் ஆற்றங்கரையில் மொதெஸ்த் தெஸ்தா எண்ட பெண்ணுக்குச் சிலை வைத்தார்கள். ஆபிரிக்காவில் பிறந்து, சிறு வயதில் கடத்தப்பட்டு, போர்தோச் சகோதரர் இருவரால் வாங்கப்பட்டு, சென்-டொமிங்குக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். சிலையைச் செய்தவர் ஹெய்ற்றியைச் சேர்ந்த சிற்பி. அந்தக் கரையால் நடக்கிறவர் இப்போது அவரைக் கடந்து தான் போக வேணும்.

விலையே தகுதி

1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிசில் உலகக் கண்காட்சி நடத்தினார். போர்தோ வைன்களை வரிசைப்படுத்திக் காட்ட வேண்டி வந்தது. வர்த்தக சபை அந்த வேலையைத் தரகர்களிடம் கொடுத்தது. அவர்கள் புதிதாக ருசி பார்த்துத் தீர்மானிக்கவில்லை. சந்தையில் நீண்ட காலமாக எந்தத் தோட்டத்துக்கு என்ன விலை போனது எண்டு தங்கட கணக்குகளைப் பார்த்து வரிசை எழுதினார்கள். வெள்ளையில் சோத்தேர்ன், பார்சாக் இனிப்பு வைன்களுக்கு மட்டும் தான் இடம். அதிலும் ஈக்கெமுக்கு எல்லோருக்கும் மேலே தனி இருக்கை. கிராவ் பகுதியின் இனிப்பில்லாத வெள்ளைக் கலவைகள் பட்டியலுக்குள் வரவே இல்லை. அவற்றுக்கு அதிகாரபூர்வத் தகுதி கிடைக்க 1959 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

அந்தக் காலத்தில் இனிப்பு வெள்ளைக்கு இருந்த மவுசை விளங்கிக்கொள்ள ஒரு கணக்கு போதும். 1859இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் தம்பி கொன்ஸ்தாந்தின், 1847ஆம் ஆண்டு ஈக்கெமில் 900 லீற்றருக்கு 20,000 தங்கப் பிராங்க் கொடுத்தார்.

ஒருமுறை விலையால் கிடைத்த தகுதி, பிறகு அந்தத் தகுதியாலேயே விலையைக் கூட்டிக் கொடுக்கும். 1855 பட்டியல் இன்றைக்கும் போத்தல்களில் அச்சிடப்படுகிறது. தரவரிசைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிசில்லை. ஒருநாள் எழுதின பட்டியல் எப்படி இயற்கை நியதி மாதிரி ஆகிவிடுகிறது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்குமோ தெரியாது.

வேர் அமெரிக்கா, தளிர் போர்தோ

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுக்க நோய்கள். முதலில் சாம்பல் பூஞ்சணம், அதைக் கந்தகத் தூளால் அடக்கினார்கள். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு ஃபிலொக்செரா எண்ட, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவு சிறிய பூச்சி வந்தது. அது வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பெரும் பகுதி அழிந்தது. தீர்வு, நோய் வந்த இடத்திலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். அமெரிக்க வேரில் பிரெஞ்சுத் தளிரை ஒட்டினால் பிழைக்கும். போர்தோவைச் சேர்ந்த லெயோ லலிமான் 1869இலேயே அமெரிக்கக் கொடிகளின் இந்தத் தாங்குசக்தியை எடுத்துச் சொன்னவர். எங்கட மண்ணின் கொடியில் அந்நிய வேரா எண்டு எதிர்த்தவர்கள் கனபேர். கடைசியில் எல்லோரும் ஒட்டினார்கள். இன்று போர்தோவில் நிற்கிற செமியோனும் சோவின்யோனும் அநேகமாக எல்லாமே அமெரிக்க வேரில் நின்றுதான் 'பிரெஞ்சு மண்ணின் சுவை'யைத் தருகின்றன.

அடுத்து இன்னொரு பூஞ்சணம் வந்தது. 1882இல் போர்தோப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, மெதோக் பகுதியில் நடந்து போகும்போது ஒன்றைக் கவனித்தார். வீதியோரக் கொடிகள் மட்டும் இலை கொட்டாமல் பச்சையாக நிண்டன. வழிப்போக்கர் பழம் பிடுங்காமல் இருக்க, பார்க்க அருவருப்பாக இருக்கட்டும் எண்டு தோட்டக்காரர் அவற்றில் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். மில்லார்தே அதைச் சோதித்து 1885இல் வெளியிட்டார். அது தான் போர்தோக் கலவை. உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிச்ச நண்பர்களுக்கு இப்ப விளங்கியிருக்கும். எங்கட தோட்டக்காரரும் பங்கசு நோய்க்குத் தெளிக்கிற அதே 'போடோக் கலவை' தான். நீலமும் வெள்ளையுமான அந்தக் கரைசலின் பெயருக்குள் ஒரு பிரெஞ்சுத் துறைமுகம் இருக்கு எண்டு கனபேருக்குத் தெரியாது.

இன்னொரு விசயத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். 1869இல் இலங்கையின் மலையகத்தில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு தோன்றியது. 1880களுக்குள் கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்தன, தேயிலை வந்தது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் வாழ்க்கை தலைகீழானது. கோப்பித் துருவைக் கட்டுப்படுத்த இன்றைக்கும் தென்னிந்தியாவில் தெளிப்பது போர்தோக் கலவையை. அந்த மருந்து உலகுக்கு அறிமுகமான நேரம் இலங்கைக் கோப்பி கிட்டத்தட்ட முடிஞ்சு போயிருந்தது. சில வருட இடைவெளி ஒரு சமூகத்தின் வரலாற்றையே வேறு பாதையில் போட்டிருக்கக் கூடும் எண்டு யோசிக்கேக்க கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கு.

வெள்ளை சிறுபான்மையான கதை

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் போர்தோவில் சிவப்பை விட வெள்ளைத் திராட்சை தான் அதிகம். இதைச் சொன்னால் இன்று கனபேர் நம்ப மாட்டார்கள். ஆனால் அவற்றில் பல மலிவானவை, அளவுக்கு மிஞ்சிக் கந்தகம் போட்டவை. 1956 பெப்ரவரியில் வந்த கடும் உறைபனி பெருந்தொகையான கொடிகளைக் கொன்றது. திரும்ப நடும்போது பலர் சிவப்புக்கு மாறினார்கள். உலகச் சந்தையும் சிவப்பைக் கேட்டது, இனிப்பு வைனின் மவுசும் குறைஞ்சு போனது. இன்று போர்தோத் தோட்டங்களில் வெள்ளையின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது.

சிறுபான்மையான பிறகு தான் தரம் உயர்ந்தது என்பது விசித்திரம். பார்சாக்கில் வைன் செய்யும் குடும்பத்தில் பிறந்த டெனி டுபூர்டியோ (1949–2016) போர்தோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பிழிவதற்கு முன் சாற்றைத் தோலோடு சில மணி நேரம் ஊறவிடுவது, புளித்த பின் அடியில் தங்கும் மதுவத்தோடு வைனை வைத்திருப்பது எண்டு வெள்ளை வைன் செய்யும் முறைகளை அவர் ஆராய்ந்து மாற்றினார். அவருடைய ஆய்வுகூடத்தில் தகதோஷி தொமினாகா எண்ட ஜப்பானிய ஆய்வாளர், சோவின்யோன் பிளாங்கின் அந்தத் தனித்த மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்வைகளை அடையாளம் கண்டார். திராட்சைச் சாற்றில் அந்த மணம் ஒளிந்திருக்கும். மதுவம் புளிக்க வைக்கும்போது தான் வெளியே வரும். பிரெஞ்சுத் திராட்சையின் இரகசியத்தை அவிழ்க்க ஒரு ஜப்பானியரும் தேவைப்பட்டார்.

இனி யார் உள்ளே வரலாம்?

இப்ப போர்தோ சூடாகிக்கொண்டு போகுது. திராட்சை முந்திப் பழுக்கிறது, புளிப்புக் குறைகிறது, மதுச்செறிவு கூடுகிறது. அந்தப் பக்கத்தில் புளிப்பு இல்லாவிட்டால் வெள்ளைக் கலவையே சமநிலை தவறிப் போகும். அதனால் 2021இல் பிரெஞ்சு அதிகாரிகள் ஆறு புதிய திராட்சை வகைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதில் வெள்ளை இரண்டு. ஒன்று போர்த்துக்கலிலும் ஸ்பெயினின் வடமேற்கிலும் வளரும் அல்வரீன்யோ. மற்றது பிரான்சிலேயே இனக்கலப்பால் உருவாக்கின லிலியொரிலா. நிபந்தனைகள் உண்டு. தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் நடக்கூடாது. கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது. போத்தலின் லேபிளில் அவற்றின் பெயரைப் போடவும் முடியாது.

வேலை செய்யலாம், பெயர் வரக்கூடாது. இந்த நிபந்தனையை வாசிக்கேக்க நாங்கள் திராட்சையை மட்டும் யோசிக்கவில்லை. அறுவடைக்கு வெளிநாடுகளிலிருந்து வந்து, பருவம் முடியத் திரும்பிப் போகிற தொழிலாளர்களின் பெயரும் போத்தலில் இல்லை. ஒல்லாந்தரின் கந்தகத் திரி, அமெரிக்க வேர், சென்-டொமிங்கின் பணம், விரலால் அழுகலைப் பார்த்தறிந்த கூலிப் பெண்கள், இவை எதுவும் லேபிளில் வராது. வருவது தோட்டத்தின் பெயர், வருடம், ஒரு மாளிகைப் படம்.

எங்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து கிடைச்சது ஒரு வாசிப்புப் பழக்கம். எந்த ஊராவது, எந்தச் சாதியாவது, எந்த மொழியாவது தன்னை 'அசல்' எண்டு சொல்லும்போது, அதன் வேர் எங்க ஒட்டப்பட்டிருக்கு, அதன் வாடிக்கையாளர் யாராக இருந்தார்கள், யாருடைய பெயர் அழிக்கப்பட்டிருக்கு எண்டு கேட்கிற பழக்கம். கலப்பு எண்ட சொல்லைக் குரல் தாழ்த்திச் சொல்லுகிற எங்கட வீடுகளிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லுகிறவர்களுக்குக் கோபம் வரும். வந்தால் அங்க எழுத வேண்டிய ஒரு வரலாறு இருக்கு எண்டு அர்த்தம்.